கண்புரை உதாரணம் இங்கே பொருந்தாது

வேலூர்ப் பக்கம் ஆவிக்குரிய குருட்டாட்டம் பற்றிப் பிரசங்கம் என்றால் கண்புரை உதாரணம் எப்படியும் வந்துவிடும். ஆரணி ரோட்டில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிற ஊர், வேறென்ன வரும்? ஆனால் இயேசு பிறவிக் குருடனைக் குணமாக்கும் யோவான் 9-ஐக் கடைசி வரை வாசித்தால், அந்த உதாரணம் அங்கே அவரை எதிர்க்கிற யூத மதத் தலைவர்களான பரிசேயரோடு ஒட்டவில்லை. புரை வந்தவர் “கண் தெரியல” என்று தானே சொல்லிக்கொண்டு வருகிறார். 41-ம் வசனத்தில் கண்டிக்கப்படுகிறவர்களோ “காண்கிறோம்” என்கிறவர்கள். கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய்தான் இன்னும் நெருக்கம். பெரும்பாலும் வலி கிடையாது. ஓரப் பார்வை முதலில் போகும். நேரே இருப்பது தெளிவாகத் தெரிவதால் குறை இருப்பதே தெரியாது. (அதில் போன பார்வை திரும்பாது, வேதத்தில் திரும்புகிறது. உதாரணத்தை அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.)

வீட்டு ஜெபக்கூட்டங்களில் இந்தப் பாடம் எடுத்தால், பத்து நிமிஷத்தில் பேச்சு இரட்சிக்கப்படாத சொந்தக்காரர்கள் பக்கம் போய்விடுகிறது. மனம் குருடாக்கப்பட்டதைச் சொல்லும் 2 கொரிந்தியர் 4:4 அவிசுவாசிகளைப் பற்றியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குச் சற்று முன்னால், 3:14-15-ல், முக்காடு கிடப்பது பழைய ஏற்பாட்டை வாசிக்கிறவர்கள்மேல். கண்டும் உணராதிருப்பதைப் பற்றிய ஏசாயா 6:9-10 தேவனுடைய சொந்த ஜனத்துக்குச் சொல்லப்பட்டது. “உங்களுக்குக் கண்களிருந்தும் காணாதிருக்கிறீர்களா?” என்று மாற்கு 8:18-ல் இயேசு கேட்பது, படகில் கூடவே வந்த சீஷர்களிடம்.

ஆகவே பாடத்தை அங்கிருந்தே தொடங்குங்கள். மாற்கு 8:22 முதல் 10:52 வரை 119 வசனங்கள். சத்தமாக வாசித்தால் ஏறக்குறைய இருபது நிமிஷம். ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். தினம் ஒரு அதிகாரம் என்கிற நம் பழக்கம் இந்தப் பகுதியைத் துண்டாடிவிடுகிறது. தொடக்கத்தில் பெத்சாயிதா குருடன், முடிவில் எரிகோவில் பர்திமேயு. நடுவே இயேசு தம் பாடுகளை மூன்று தரம் முன்னறிவிக்கிறார்: 8:31, 9:31, 10:33. மூன்று தரமும் சீஷர்கள் உடனே சறுக்குகிறார்கள். பேதுரு அவரையே கடிந்துகொள்கிறான். பிறகு யார் பெரியவன் என்ற வாக்குவாதம். பிறகு வலதுபக்கம், இடதுபக்கம் உட்காரும் ஆசை.

இப்படிச் சேர்த்து வாசித்தால்தான் பெத்சாயிதா குருடன் ஏன் இரண்டு கட்டமாகக் குணமானான் என்பது புலப்படும். முதலில் அவனுக்கு மனுஷர் மரங்களைப்போலத் தெரிகிறார்கள். பேதுருவும் அதே நிலைதான்: 8:29-ல் “நீர் கிறிஸ்து” என்கிறான், 8:33-ல் “எனக்குப் பின்னாகப் போ, சாத்தானே” என்று இயேசுவிடம் திட்டு வாங்குகிறான். குருடனுக்கு விசுவாசம் குறைவு, அதனால்தான் இரண்டு தரம் என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. அவனுடைய விசுவாசத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை.

இன்னொன்று: இயேசு யாக்கோபையும் யோவானையும் 10:36-ல் கேட்ட கேள்வியையே பர்திமேயுவிடம் 10:51-ல் கேட்கிறார், என்ன செய்யவேண்டும் என்று. இதை நடத்துகிறவர் சொல்லிவிடக் கூடாது. இரண்டு பேரை அடுத்தடுத்து வாசிக்கவிட்டுக் காத்திருங்கள்; யாராவது பிடித்துக்கொள்வார்கள்.

“ஆவியானவர் வெளிப்படுத்தினால் போதும், ஆராய்ச்சி எதற்கு?” என்று 1 கொரிந்தியர் 2:14-ஐ ஒருவர் நீட்டுவார். அப்போஸ்தலர் 8-ஐத் திறக்கச் சொல்லுங்கள். எத்தியோப்பிய மந்திரி ஏசாயா 53-ஐ வாசிக்கிறான், விளங்கவில்லை. ஆவியானவர் என்ன செய்தார்? ஒரு ஆளை அனுப்பினார். பிலிப்பு முதலில் கேள்வி கேட்டான், பிறகு அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்கினான். எம்மாவு வழியிலும் (லூக்கா 24) இதே ஒழுங்கு: மோசே முதல் தீர்க்கதரிசிகள் வரை நடந்துகொண்டே விளக்கம், அப்புறம்தான் அப்பம் பிட்கையில் கண் திறக்கிறது.

ஒரே ஒரு வசனத்தை அச்சிட்டுக் கொடுக்கும் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைதான் நம் சபைகளின் ஓரப் பார்வையைக் கெடுப்பது என்பேன். சமாதானத்துக்கான நினைவுகளைப் பற்றிய எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! பத்தாம் வசனத்தில் இருக்கிற எழுபது வருஷ பாபிலோன் சிறையிருப்பு எந்த அட்டையிலும் வருவதில்லை. மனப்பாடமான எந்த வசனத்துக்கும் முன்னும் பின்னும் பத்துப் பத்து வசனம் வாசிப்பதைக் கட்டாயமாக்குங்கள்.

ஆரம்ப ஜெபத்துக்கு, கண்களைத் திறக்கக் கேட்கும் சங்கீதம் 119:18 போதும். எட்டுப் பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டாகப் பிரியுங்கள். சபைப் போதகரான ஐயர் வந்திருந்தால் அவரைக் கடைசியாகப் பேசச் சொல்லுங்கள். முதலில் பேசினால் மற்றவர்கள் பைபிளை மூடிவிடுவார்கள்.