ஐப்பசியில் விதை, தையில் பூ: சென்னை மாடியில் பெட்டூனியா

வடக்கே டில்லி, லக்னோ பக்கம் பெட்டூனியாவைச் செப்டம்பர் வாக்கிலேயே விதைத்துவிடுவார்கள். அங்கே மழை முடிந்து குளிர் தொடங்கும் நேரம் அது. அதே கணக்கைச் சென்னையில் வைத்தால் நாற்று நன்றாக வேர் பிடிக்கும்போது வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். நம் ஊரில் பனிக்காலப் பூக்கள் தோற்பதற்குப் பெரும்பாலும் வெயில் காரணமல்ல. ஐப்பசி, கார்த்திகை ஈரம்தான் காரணம். ஜனவரியில் இங்கே இரவு வெப்பம் 21 டிகிரி வரை இறங்குகிறது, பகல் 30 டிகிரியை ஒட்டி நிற்கிறது. பெட்டூனியாவுக்கு அதுவே போதும். அந்தச் சமயத்தில் செடி தொட்டியில் தயாராக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே அக்டோபர் கடைசி வாரத்தில், மழைச்சாரல் படாத ஆனால் நல்ல வெளிச்சம் விழும் இடத்தில் விதையுங்கள். சன்ஷேடுக்குக் கீழே கிழக்குப் பார்த்த இடம் உத்தமம். ஒரு கிராமில் ஏறக்குறைய பத்தாயிரம் விதை இருக்கும், அத்தனை பொடி. முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மேலே மண் தூவக்கூடாது. ஈரமான கலவையின் மேல் வைத்து லேசாக அழுத்தினால் போதும். மேல்பூச்சு போட்ட உருண்டை விதையென்றால், வைத்தவுடன் தெளிப்பானால் நனைத்து அந்தப் பூச்சு முழுக்கக் கரையும்வரை காயவிடாதீர்கள். பாதி கரைந்து காய்ந்தால் அது ஓடுபோல இறுகி முளையை உள்ளேயே அடைத்துவிடும்.

விதைக்கும் குழித்தட்டுக்கு (சிறுசிறு குழிகள் கொண்ட நாற்றுத் தட்டு) கழுவிய கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள், மூன்று பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. கழுவாத கோகோபீட்டில் உப்பு இருக்கும், இலை ஓரம் கருகும். இரண்டு மூன்று முறை ஊறவைத்து வடித்துவிடுங்கள். தோட்டத்து மண் வேண்டவே வேண்டாம், நாற்றழுகல் பூஞ்சை அதில்தான் வருகிறது. கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைச் சேர்ப்பது நல்ல காப்பு. தண்ணீரை மேலே ஊற்றாமல், தட்டைப் பத்து நிமிடம் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்து எடுங்கள். ஏழு முதல் பத்து நாளில் முளைவிடும். ஈரம் காக்கத் தட்டைப் பாலிதீனால் மூடியிருந்தால் முளைவிட்ட அன்றே எடுத்துவிட வேண்டும், ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. காற்றோட்டமில்லாத ஈரத்தில் தண்டின் கழுத்து நூலாக மெலிந்து நாற்று சாயும். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. அந்தக் குழியின் கலவையோடு சேர்த்து வெளியே போட்டுவிட்டு, மற்றவற்றுக்குக் காலையில் மட்டும் தண்ணீர் காட்டுங்கள்.

நான்கைந்து இலை வந்ததும் சிறு பைக்கு மாற்றி, ஆறாவது இலையில் கொழுந்தைக் கிள்ளலாம். டிசம்பரில் சென்னைப் பகல் பதினொன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றே மேல். இப்படிப் பகல் குறுகும்போது பெட்டூனியா நெட்டையாக ஓடாமல் அடியிலேயே கிளைவிடும், பூ மட்டும் கொஞ்சம் தாமதமாகும். விதைத்ததிலிருந்து பத்துப் பன்னிரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூவுக்கு அவசரப்படாதீர்கள், இந்தக் கிளைகள்தான் பின்னால் தொட்டியை நிறைக்கப்போகின்றன.

மார்கழி பிறந்து மழை ஓய்ந்ததும் தொட்டிக்கு. எட்டு அங்குலத்தில் ஒன்று, பன்னிரண்டு அங்குலத்தில் மூன்று. செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் இரண்டு, மண்புழு உரம் ஒன்று, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. தினமும் ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் படவேண்டும். பத்து நாளுக்கொரு முறை 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது) லிட்டருக்கு இரண்டு கிராம். மொட்டு தெரிந்தபின் ஒருமுறை விட்டு ஒருமுறை, சாம்பல் சத்து மிகுந்த 13:0:45 உரம்.

சென்னையில் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இலை மஞ்சளாவதைத்தான். அடி இலை வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. நம் போர் தண்ணீரின் காரத்தன்மையால் வேர் அதை எடுக்க முடிவதில்லை. பெட்டூனியாவுக்கு 5.5 முதல் 6.2 வரையான pH, அதாவது லேசான அமில நிலை பிடிக்கும். கிலேட்டட் இரும்பை (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் உள்ள இரும்பு உரம்) லிட்டருக்கு ஒரு கிராம் கலந்து மாலையில் இலையில் தெளித்தால் புதுக் கொழுந்து பச்சையாக வரும், ஆனால் மூலகாரணம் தண்ணீர். மழைநீரை மூடிபோட்ட டிரம்மில் பிடித்து வைத்தால் ஜனவரி முழுக்கக் கைகொடுக்கும்.

பெட்டூனியா புகையிலைக்கு உறவு. அதனால் புகையிலை வெட்டுப்புழு தேடி வரும். பகலில் தொட்டி ஓரத்தில் ஒளிந்து இரவில் தின்னும். இலையில் ஓட்டையும் கரும் எச்சமும் கண்டால் இரவு டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதே சிறந்த மருந்து. அதிகமானால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து லிட்டருக்கு இரண்டு கிராம், மாலையில்.

வாடிய பூவை இதழோடு மட்டும் பிய்க்காமல், அடியிலிருக்கும் சூலகத்தோடு காம்பையும் சேர்த்துக் கிள்ளுங்கள். விதை பிடித்தால் பூ நின்றுவிடும். பிப்ரவரி நடுவில் செடி சோம்பினால் பாதியாக வெட்டி உரம் கொடுங்கள், மூன்று வாரத்தில் இரண்டாம் சுற்று வரும்.

கூட வைக்க டயாந்தஸ், சால்வியா இரண்டும் சமவெளிக்கு ஒத்துவரும். பான்சியை ஊட்டிக்கும் பெங்களூருக்கும் விட்டுவிடலாம், இங்கே பூ சிறுத்துப்போகும். பாயின்செட்டியா வாங்கினால் தெருவிளக்கு விழாத இடமாகப் பாருங்கள். இரவில் பதினான்கு மணி நேர இருட்டு தொடர்ந்து கிடைத்தால்தான் அதன் மேல் இலைகளில் சிவப்பு ஏறும்.

பங்குனி கடைசியில் பெட்டூனியா தானாக ஓய்ந்துவிடும். வீரிய ஒட்டு ரகமென்றால் விதை எடுத்துப் பயனில்லை, அதே நிறம் திரும்ப வராது. அந்தத் தொட்டி மண்ணில் உடனே தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்காதீர்கள், எல்லாம் ஒரே குடும்பம், நோயும் ஒன்றே. டேபிள் ரோஸ் தண்டை ஒடித்து ஊன்றுங்கள், சித்திரை வெயிலை அது பார்த்துக்கொள்ளும்.