கண்மாய்க்குள் ஜீப்: மூன்றாவது ஓட்டம், முதல் மாட்டல்

இதுவரை இரண்டு தடவை தண்ணீரில் இறக்கி ஏற்றியாயிற்று, ஒன்றும் ஆகவில்லை. அந்தத் திமிரில்தான் போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு கானாடுகாத்தான் தாண்டி ஒரு கண்மாய்ப் பக்கம் போனேன். கார்த்திகை மழையில் கண்மாய் பாதிதான் நிறைந்திருந்தது. ஓரமாக ஒரு வண்டித் தடம் தண்ணீருக்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறுகிறது. (ஊரணிப் பக்கம் சக்கரத்தைக் கொண்டுபோவதில்லை. அது ஊர் குடிக்கிற தண்ணீர்.)

வண்டி பழைய எம்.எம்.540, 2.1 லிட்டர் பெஜோ டீசல். இறங்குவதற்கு முன் கம்பை ஊன்றிக்கொண்டு நடந்து பார்த்தேன். முழங்கால் அளவுதான் தண்ணீர், அடியில் சரளை. ஆனால் நான் நடந்தது இடது சக்கரம் போகிற கோட்டில் மட்டும். வலது கோட்டில் நடக்கச் சோம்பல்.

பாதி தூரத்தில் வலது பின்பக்கம் 'தொபுக்' என்று இறங்கியது. கோடையில் வயலுக்கு வண்டல் அள்ளிய குழி. இயந்திரம் வெட்டிய குழிக்குச் சரிவே கிடையாது, சுவர் மாதிரி நேராக இறங்கும். குழிக்குள்ளே கரம்பை, நன்றாக ஊறி அல்வா மாதிரி கிடந்தது.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தப்பு. ஆக்சிலரேட்டரை மிதித்தேன். பின் சக்கரம் சுற்றச் சுற்றத் தனக்குத் தானே பள்ளம் தோண்டியது, ஆக்சில் போய்ச் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. "முன் சக்கரம் சுத்தவே இல்லையே மாப்ள" என்று அவன் சொன்ன பிறகுதான் உறைத்தது. உள்ளே கியரை ஃபோர் வீல் லோவில் போட்டிருக்கிறேன், வெளியே முன் சக்கரத்து நடுவில் இருக்கும் ஹப் லாக்கை, சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டுகிற திருகை, திருப்பவே இல்லை. லாக் ஃப்ரீயில் இருந்தால் உள்ளே என்ன கியர் போட்டாலும் முன் சக்கரத்துக்கு இழுவை போகாது.

சரி என்று தண்ணீருக்குள் கையை விட்டுத் தேடினேன். சேறு அப்பிய ஹப்பில் எது லாக், எது போல்ட்டுத் தலை என்றே தெரியவில்லை. விரலில் முதலில் அகப்பட்டது ஒரு நத்தை. அதை எடுத்துப் போட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் திருப்பினேன். அப்புறம் டயர் பரந்து பிடிக்கட்டும் என்று 28 பி.எஸ்.ஐ இருந்த காற்றை 15க்கு இறக்கினோம். வலது பின் சக்கரத்து வால்வு தண்ணீருக்கு அடியில், அதில் மட்டும் குமிழி பார்த்து ஒரு குத்துமதிப்பு. வண்டி ஒரு சாண் முன்னும் பின்னும் ஆடியது, அவ்வளவுதான். டிஃபரன்ஷியல் லாக் (ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரத்தையும் சேர்ந்து சுற்ற வைக்கும் பூட்டு) இல்லாத வண்டியில் எந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லையோ அதுதான் சுற்றும்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் இதை எல்லாம் ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "ரோடு இருக்கையில எதுக்குத் தம்பி இதுக்குள்ள வந்தீக?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பக்கத்து வயலிலிருந்து ஒரு டிராக்டரை அவரே கூப்பிட்டார். வந்தவுடனே பெல்ட்டை மாட்டப் போனேன், தடுத்துவிட்டார். "இப்ப இழுத்தா வராது. மொதல்ல சேத்த எடுங்க."

அவர் சொன்னது சரி. தண்ணீரில் மாட்டிய வண்டியைப் பிடித்து வைப்பது தண்ணீர் இல்லை, சேற்றின் உறிஞ்சல். டயருக்கும் சேற்றுக்கும் நடுவே தண்ணீரோ காற்றோ புக வழி விட்டால்தான் பிடி தளரும். மண்வெட்டியால் சக்கரத்துக்குப் பின்னால் குழிச்சுவரைச் சரிவாக வெட்டினோம், ஆக்சிலுக்கு அடியிலும் கையை விட்டுத் தோண்டினோம். ஒரு கூடை அள்ளினால் அரைக் கூடை திரும்பி வந்தது. ஜாக்கியை நேராக வைத்தால் ஜாக்கிதான் இறங்குகிறது, அதனால் அடியில் பலகை. சக்கரம் தூக்கின இடைவெளியில் கரையில் கிடந்த செம்புராங்கல் துண்டுகளும் இரண்டு சாக்கும் போட்டு மிதித்தோம். கருவேலங் கிளையை வெட்டிப் போடலாம் என்றான் மாப்பிள்ளை. முள்ளில் டயர் போனால் அதற்கு வேறு அழ வேண்டும், வேண்டாம் என்றேன். இதற்கே ஒன்றரை மணி நேரம்.

இழுத்தது பின்பக்கமாக, வந்த வழியே. பின்னால் கெட்டித் தரை என்று தெரியும், முன்னால் இன்னும் எத்தனை குழியோ. பட்டை பெல்ட்டை பம்பரில் மாட்டாமல் சேஸிஸ் கொக்கியில் மாட்டி, நடுவில் ஒரு ஈரச் சாக்கைப் போட்டோம். பெல்ட் அறுந்தால் ஆள் மேல் பாயாமல் கீழே விழட்டும் என்று. ஆட்டையும் ஆளையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, டிராக்டர் முதல் கியரில் பெல்ட்டை மெதுவாக இறுக்க, நான் லோ ரிவர்ஸில் லேசாகக் கொடுத்தேன். 'ளொக்' என்று ஒரு சத்தம், வண்டி மேலே. பத்து வினாடி ஆகியிருக்காது.

நல்லவேளையாக இன்ஜின் நிற்கவே இல்லை. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் புகுந்து நின்றிருந்தால் செல்ஃப் அடித்துப் பார்க்கக் கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் காற்று மாதிரி அமுங்காது, பிஸ்டனைத் தள்ளுகிற கனெக்டிங் ராடுதான் வளையும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பிரேக்கை லேசாக மிதித்து மிதித்துக் காய வைத்தேன். மறுநாள் காலையில் பின் ஆக்சில் பிளக்கைக் கழற்றினால் ஆயில் பால் காப்பி நிறத்தில் வருகிறது. ஓடிச் சூடான ஆக்சில் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கும், பிரீதரோ (ஆக்சில் மூச்சு விடுகிற சின்னத் துளை) சீலோ வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். முன் ஆக்சிலில் ஆயில் சுத்தம். பின்பக்கம் புது ஆயில் ஊற்றியாயிற்று. இந்த வாரம் பிரீதரில் ஒரு டியூப் மாட்டி பாடி உயரத்துக்கு ஏற்றப் போகிறேன். பெரியவரின் மண்வெட்டி தெரியாமல் ஜீப்பிலேயே வந்துவிட்டது, அதையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.