அவர் பெயரில் இருந்த வீடும் எனக்கு வரவேண்டிய வரிச் சலுகையும்

தில்லி மாநகராட்சிக்குக் கட்டும் வீட்டு வரியில் 60 வயது முடிந்தவர்களுக்கு 30 சதவீதத் தள்ளுபடி உண்டு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் இதே சலுகைதான். சொந்தமாகக் குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு மட்டும், 200 சதுர மீட்டர் கட்டடப் பரப்பு வரை கிடைக்கும். இப்படி மூன்று வரியில் சொல்லிவிடலாம். ஆனால் கணவரை இழந்த பெண்கள் பலர் இதைக் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களிலேயே பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது யமுனைக்குக் கிழக்கே ஒரு டி.டி.ஏ. (தில்லி வளர்ச்சி ஆணையம்) ஃப்ளாட். எண்பதுகளில் கணவர் பெயருக்கு ஒதுக்கீடானது. மத்திய அரசு வேலையில் இருந்தவர். வரி, மின்சாரம், காப்பீடு எல்லாவற்றையும் அவரேதான் பார்த்துக்கொண்டார். அவர் போன பிறகு வந்த முதல் ஏப்ரலில், வரி கட்டுவதற்காகப் பழைய ரசீதை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். "மூத்த குடிமகன்னு போன வருஷம் போட்டிருக்கே, இந்த வருஷமும் போடுப்பா" என்றேன். கடைப் பையன் இந்தியில் மென்மையாகவே கேட்டான்: "மாதாஜி, யார் பெயரில் போடுவது? வீட்டுக்காரர்தான் இல்லையே."

அவன் கேட்டது சரிதான். சலுகை வீட்டில் குடியிருப்பவருக்கு அல்ல, வீட்டின் உரிமையாளருக்கு. ஒவ்வொரு சொத்துக்கும் மாநகராட்சியில் யூபிக் என்று ஒரு 15 இலக்க அடையாள எண் இருக்கிறது. அந்த எண்ணின்கீழ் யார் பெயர் பதிவாகியிருக்கிறதோ அவருடைய வயதையும் வகையையும் வைத்துத்தான் கணக்கு. அங்கே இன்னும் அவர் பெயர்தான் இருந்தது.

ஆக முதல் வேலை பெயர் மாற்றம். தில்லியில் எல்லோரும் மியூட்டேஷன் என்றே சொல்வார்கள். இறப்புச் சான்றிதழ், எஸ்.டி.எம். (வட்டார அரசு அதிகாரி) அலுவலகத்தில் வாங்கும், இறந்தவரின் குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் சர்வைவிங் மெம்பர் சான்றிதழ், வீட்டுப் பத்திரத்தின் நகல், ஆதார், நோட்டரி கையெழுத்துடன் பிரமாணப் பத்திரம், பின்னால் யாராவது உரிமை கேட்டு வந்தால் நானே பொறுப்பு என்று எழுதிக்கொடுக்கும் இண்டெம்னிட்டி பாண்டு, கடைசி வருட வரி ரசீது. எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தமிழர்கள் முக்கியமாகக் கவனியுங்கள். நமக்கு இனிஷியல், வடக்கே முழுப்பெயர். என் ஆதாரில் கணவர் பெயர் பின்னால் விரிந்திருக்கும், வங்கிப் புத்தகத்தில் ஓர் எழுத்தாக முன்னால் நிற்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரத்திலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால், கேள்வி வரும்போது காட்ட அது போதும்.

இதற்கு நடுவில்தான் பெரிய விஷயம் ஒன்று தெரியவந்தது. அவர் உயில் எழுதவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. மாமியார் முன்பே காலமாகிவிட்டதால் நாங்கள் மூவர். மூவர் பெயரிலும் மாற்றினால் வீடு கூட்டுச் சொத்து ஆகிவிடும். அப்போது தள்ளுபடி தகுதியுள்ளவரின் பங்குக்கு மட்டும்தான். என் மகன் புனேயில் இருக்கிறான், வயது நாற்பதுக்குள். அவன் பங்குக்குச் சலுகை இல்லை. மகள் பெண்தான், ஆனால் அவள் குடியிருப்பது சென்னையில்.

பிள்ளைகள் இருவரும் தங்கள் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதுவதாகச் சொன்னார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு சாட்சிகளோடு நேரில் வந்து பதிய வேண்டும். நோட்டரி முன்னால் எழுதிய வெறும் தாள் போதாது. உறவில் ஒருவர் என் மகளைத் தனியாக அழைத்து, "வரியில மிச்சம் பிடிக்கறதுக்காக யாராவது பாகத்தை விடுவாளா?" என்று கேட்டிருக்கிறார். அவள் என்னிடம் வந்து, "அம்மா, இது வரிக்காக இல்லை. நீ இருக்கிற வீடு உன் பெயரில் இருக்கட்டும்" என்றாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒரு ரேஷன் கார்டைத் தவிர எதிலும் என் பெயர் முதலில் வந்ததில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சலுகைக்காகப் பிள்ளைகளிடம் பங்கைக் கேட்காதீர்கள். மனமொப்பிக் கொடுத்தால் சரி. இல்லையென்றால் மூவர் பெயரும் இருக்கட்டும், உங்கள் பங்குக்கு வருவதை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

கணக்கையும் சொல்கிறேன், ஏனென்றால் கணக்கு தெரிந்தவரை யாரும் மிரட்ட முடியாது. 2004 முதல் தில்லியில் வரியை நாமே மதிப்பிட்டுக் கட்டும் முறைதான். காலனிகளை ஏ முதல் எச் வரை எட்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். டி வகையில் வீட்டின் ஆண்டு மதிப்பு ஒரு சதுர மீட்டருக்கு 320 ரூபாய் என்று கணக்கு. 80 சதுர மீட்டர் வீடு என்று வையுங்கள்: 25,600. கட்டியது எண்பதுகளில் என்றால் 0.8 ஆல் பெருக்க வேண்டும்: 20,480. சொந்தக் குடியிருப்பு, குடியிருப்புப் பயன்பாடு, காரைக் கட்டடம் மூன்றுக்கும் பெருக்க வேண்டிய எண் 1தான், தொகை மாறாது. இதில் 11 சதவீதம் வரி: சுமார் 2,253 ரூபாய். அதில் 30 சதவீதம் போனால் 676 ரூபாய் குறைந்து 1,577 ஆகிறது. டி.டி.ஏ. ஃப்ளாட் 100 சதுர மீட்டருக்குள் இருந்தால் தனியாக ஒரு 10 சதவீதச் சலுகை உண்டு. ஜூன் 30க்குள் முழு வருடத்துக்கும் சேர்த்துக் கட்டினால் இன்னொரு தள்ளுபடி. 2024-25இல் அது 10 சதவீதமாக இருந்தது. பெண் என்றும் மூத்தவர் என்றும் இரண்டு முறை 30 சதவீதம் வராது. ஏதாவது ஒரு வகையில்தான் கேட்கலாம்.

676 ரூபாய்க்கா இவ்வளவு அலைச்சல் என்று பலர் கேட்டார்கள். ஏ, பி வகைக் காலனிகளில் தொகை பெரிதாகும் என்பது ஒரு பதில். குடும்ப ஓய்வூதியத்தில் வாழ்கிறவளுக்கு 676 ரூபாயும் பணம்தான் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டையும்விடப் பெரியது, அந்தச் சலுகையைக் கேட்கப் போனதால்தான் வீடு என் பெயருக்கு வந்தது என்பது. இல்லையென்றால் இறந்தவர் பெயரிலேயே ரசீது வாங்கிக்கொண்டு இன்னும் எத்தனை வருடம் ஓட்டியிருப்பேனோ. நாளைக்கு வீட்டை விற்கவோ, வீட்டை ஈடாக வைத்து வங்கியிடம் பணம் வாங்கும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் கேட்கவோ போகிற அன்று உடம்பில் தெம்பு இருக்கும் என்று என்ன நிச்சயம்? முடிகிற வயதிலேயே செய்துவிட வேண்டிய வேலை இது.

கீழ்த்தளத்து மாமியின் மகனுக்கு மூளை முடக்குவாதம். மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டை இருக்கிறது, சக்கர நாற்காலியில்தான் இருக்கிறான். அவனுக்காகச் சலுகை கேட்கலாமா என்று மாமி என்னிடம் வந்தார். வீடு அப்பா, அம்மா பெயரில். அப்பாவுக்கு இன்னும் 60 ஆகவில்லை. மகன் உரிமையாளர் இல்லை என்பதால் அவன் பெயரில் கேட்க வழியில்லை. பெற்றவர்களுக்கு இது கசக்கும், எனக்கும் நியாயமாகப் படவில்லை. அப்படிப்பட்ட பிள்ளையை வைத்துக் காப்பாற்றும் வீட்டுக்குத்தான் முதலில் குறைக்க வேண்டும். ஆனால் பத்திரத்தில் மாமி பெயர் இருந்ததே, அதை யாரும் நினைக்கவில்லை. பெண் என்ற வகையில் அவர் பாதிக்குச் சலுகை இப்போது வருகிறது.

இன்னும் காசோலை எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு: 2024 ஜூலை முதல் காசோலை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். யு.பி.ஐ. அல்லது இணையம் வழியாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் டிமாண்ட் டிராஃப்ட். பிள்ளைகள் போனிலிருந்து கட்டினாலும் கட்டுவதற்கு முன் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். உரிமையாளர் வகை என்ற இடத்தில் மூத்த குடிமகன் என்றோ பெண் என்றோ மாற்றுத்திறனாளி என்றோ தேர்ந்திருக்கிறதா, பயன்பாட்டில் சொந்தக் குடியிருப்பு என்று இருக்கிறதா, இரண்டையும் பார்த்த பிறகு பணம் போகட்டும். ஒவ்வொரு வருடமும் பார்க்க வேண்டும். ரசீதை அச்செடுத்து, வயதுச் சான்று நகலோடு ஒரே கோப்பில் வையுங்கள். பின்னால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் அந்தக் கோப்பைத்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும்.