வகுப்பறை நாட்குறிப்பு: ஆண் வரிசை, பெண் வரிசை

ஜூன் 9, 2025, திங்கள்

பள்ளி திறந்து ஒரு வாரம். ஆண்டு முழுக்க நிற்கப்போகும் பழக்கங்கள் இப்போதுதான் படிகின்றன. "பையன்கள் இந்தப் பக்கம், பொண்ணுங்க அந்தப் பக்கம்" என்று நிறுத்துவது ஆசிரியருக்கு வசதி. பிள்ளைகளுக்கு அதுவே பாடம். 2010இல் அமெரிக்காவில் ஹில்லியர்ட், லிபன் என்ற இரு ஆய்வாளர்கள் மழலையர் வகுப்புகளில் இதைச் சோதித்தார்கள். ஆசிரியர்கள் யாரையும் உயர்த்தியோ தாழ்த்தியோ பேசவில்லை. வரிசை, அறிவிப்புப் பலகை, கூப்பிடும் முறை இவற்றை மட்டும் ஆண், பெண் என்று பிரித்தார்கள். இரண்டு வாரத்தில் "இது பையன் வேலை, இது பெண் வேலை" என்ற எண்ணம் கூடியது. இரு பாலாரும் சேர்ந்து விளையாடுவது குறைந்தது.

பிறந்த மாதம், பெயரின் முதல் எழுத்து, ஏறி வரும் பஸ் என்று எதை வைத்தும் வரிசை நிறுத்தலாம். "பேசினா பொண்ணுங்க நடுவுல உட்கார வைப்பேன்" என்ற தண்டனையை மட்டும் உடனே கைவிட வேண்டும். பெண்ணருகே உட்காருவது அவமானம் என்பதை அது நேரடியாகவே கற்றுக்கொடுக்கிறது.

ஜூன் 11, புதன்

வேலைப் பங்கீடு. வாரியலும் கோலப்பொடியும் விருந்தினருக்கு டீயும் பெண்பிள்ளைகளுக்கு. மணியடிப்பதும் பெஞ்சு தூக்குவதும் கடைக்கு ஓடுவதும் பையன்களுக்கு. யாரும் உத்தரவு போடாமலே இப்படி அமைந்துவிடும்.

36 பேர் உள்ள வகுப்பு என்றால் ஆறு பேராக ஆறு குழு; ஒவ்வொன்றிலும் இரு பாலாரும். ஆறு வேலைகளை அட்டையில் எழுதித் தொங்கவிட்டு, திங்கள்தோறும் ஒரு இடம் நகர்த்தினால் போதும். ஆனால் பட்டியல் ஒட்டியதோடு வேலை முடியாது. பெருக்கும் வாரம் வந்ததும் பையன்கள் வாரியலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், பெண்பிள்ளைகள் பொறுமையிழந்து வாங்கிப் பெருக்கிவிடுவார்கள். காரணம் சோம்பல் மட்டுமல்ல. வீட்டில் அந்தப் பையனுக்கு யாரும் வாரியல் பிடிக்கச் சொல்லித்தரவில்லை. அதனால் முதல் நாள் எல்லோருக்கும் செய்துகாட்ட வேண்டும்: மூலையிலிருந்து தொடங்குவது, குனிந்து இழுப்பது, குப்பையை ஓரிடத்தில் சேர்ப்பது. பிறகு குழுவுக்கு மொத்தமாக விடாமல் ஆளுக்கு ஒரு வரிசை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். பெஞ்சு தூக்கவும் முனைக்கு ஒருவராக இரண்டு பேர், யாராயிருந்தாலும். கழிப்பறை கழுவும் வேலையை எந்தப் பிள்ளைக்கும் தரக்கூடாது.

ஜூன் 20, வெள்ளி

யாரிடம் கேள்வி கேட்கிறோம் என்பது நமக்கே தெரியாது. சக ஆசிரியர் ஒருவரைப் பின்வரிசையில் உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியும் பையனுக்கா பெண்பிள்ளைக்கா என்று 30 நிமிடம் கோடு போடச் சொல்லலாம். எண்ணிக்கை மட்டும் போதாது. கேள்வியின் வகையையும் குறிக்க வேண்டும். "வாசிம்மா" ஒரு பக்கமும் "ஏன் அப்படி வந்தது, சொல்லுடே" இன்னொரு பக்கமும் போவது அப்போதுதான் தெரியும்.

பெயர் எழுதிய குச்சிகளை டப்பாவில் போட்டு எடுத்துக் கேட்பது நல்ல வழி. கெடும் இடம் ஒன்று உண்டு: பெயர் வந்த பிள்ளை யோசிக்கும்போதே வேறொருவன் கத்திவிடுவான், ஆசிரியரும் அதை ஏற்றுக்கொள்வார். கேட்டபின் மூன்று விநாடியாவது காத்திருக்க வேண்டும். அப்போதும் பதில் வராவிட்டால் குச்சியை மேசையில் தனியாக வைத்து, அதே பிள்ளையிடம் திரும்பி வர வேண்டும்.

ஜூன் 30, திங்கள்

"பெண்களும் ஆண்களைப் போலவே கணக்கில் கெட்டிக்காரர்கள்" என்று நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் அதில் அளவுகோலாக நிற்பது ஆண். இத்தகைய வாக்கியத்தைக் கேட்பவர்கள் ஆண்களுக்கே அது இயல்பாக வரும் என்று எடுத்துக்கொள்வதை 2018இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பாலினத்தை விட்டுவிட்டு, செய்ததைச் சொல்லலாம்: "இந்தப் பின்னத்தை இரண்டு வழியில் போட்டிருக்கிறாய்."

ஜூலை 4, வெள்ளி

எடுத்துக்காட்டுக்குத் தொலைவு போக வேண்டாம், நம் கன்னியாகுமரி மாவட்டமே போதும். குளச்சல் கடற்கரையில் வலை பின்னி, கிழிசல் கோர்ப்பது ஆண்கள். தோவாளையில் ஆண்களும் பூ கட்டுகிறார்கள். குலசேகரம் பக்கம் பெண்களும் ரப்பர் பால் வெட்டுகிறார்கள். ஊசியும் நூலும் பெண்ணுக்கு என்று சொல்லும் பிள்ளையிடம் வலையைக் காட்டிப் பேசலாம்.

ஒரு படம் காட்டினால் மட்டும் மனதில் நிற்காது. 1983இல் மார்ட்டின், ஹால்வர்சன் நடத்திய சோதனையில், வழக்கத்துக்கு மாறான படங்களைப் பார்த்த சிறுபிள்ளைகள் ஒரு வாரம் கழித்து ஆளின் பாலினத்தையே மாற்றி நினைவுகூர்ந்தார்கள். அதனால் பல பேரைக் காட்ட வேண்டும். சாதனையாளர்களைவிட அன்றாடம் வேலை செய்பவர்கள் நல்லது. மறுவாரம் "படத்தில் பூ கட்டியது யார்?" என்று திரும்பக் கேட்க வேண்டும்.

ஜூலை 9, புதன்

அழுத பையனை "பொம்பளப்பிள்ள மாதிரி" என்று மற்றவர்கள் கேலி செய்தால், அறிவுரையைவிட ஒத்திகை உதவும். "யாருக்கும் அழுகை வரும், விடுடே" போன்ற சின்னப் பதில்களை ஜோடியாக நின்று சொல்லிப் பழக்கலாம். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த பிள்ளைகளைவிட, சொல்லிப் பழகியவர்களே பிறகு கேலியை எதிர்க்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். "எம் மவன் வாரியல் பிடிக்கணுமா?" என்று ஒரு தகப்பனார் கேட்கக்கூடும். வாதாட வேண்டாம், ஆறு வேலை அட்டையையும் அவர் கையில் கொடுத்து, மகன் இந்த வாரம் எதில் இருக்கிறான், அடுத்த வாரம் எதற்குப் போகிறான் என்று காட்டினால் போதும்.