வாசலில் பார்க்கும் பிரஷர்: வடசென்னையில் களப்பணியாளர்களைப் பழக்கிய விதம்

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. வீட்டுக்குப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுப்பது என்று கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் வாசலில் எழுதும் எண் தப்பானால் இரண்டு பக்கமும் அடி. நன்றாக இருப்பவர் ஆயுசுக்கும் மாத்திரை விழுங்குவார், நோயாளி "ஒண்ணும் இல்ல" என்று நிம்மதியாக இருந்துவிடுவார். அதனால் காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் போகும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சியில் பாதிக்கு மேல் நேரத்தை அளவெடுக்கும் முறைக்கே ஒதுக்கினோம்.

ஒரு குழுவுக்கு 12 பேர், 6 மிஷின். இதற்கு மேல் ஆள் சேர்த்தால் ஒருவர் கை வேலை செய்யும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். முதல் நாள் பிரஷர், இரண்டாம் நாள் சுகர், மூன்றாம் நாள் தெரு. ஸ்லைடு போட்டுப் பாடம் நடத்தியதில் பெரிய பலன் இல்லை. ஒருவருக்கொருவர் கையில் பிரஷர் மிஷின் பட்டையைக் கட்டிப் பார்த்ததுதான் மனதில் நின்றது.

புத்தகத்தில் உள்ள பிரஷர் முறை எல்லோருக்கும் தெரியும். அரை மணி முன்பு டீ, பீடி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வரவேண்டும். 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகுக்குச் சாய்மானம், பாதம் தரையில், கால்மேல் கால் கூடாது. சிக்கல் வீட்டுக்குள் போனதும் வரும். பத்துக்குப் பத்து அறையில் நாற்காலி இருக்காது. பக்கத்து வீட்டு நாற்காலியைக் கேட்டு வாங்குவது முதல் வழி. அதுவும் இல்லையென்றால் சுவரில் சாய்த்துத் தரையில் உட்காரவைத்து, கவிழ்த்த குடத்தின்மேல் மடித்த துணி போட்டு அதில் கையை வைக்கச் சொல்வோம். கை நெஞ்சு மட்டத்துக்கு வரவேண்டும், அவ்வளவுதான். 10 செ.மீ. கீழே தொங்கினால் ஏறக்குறைய 8 மி.மீ. கூடுதலாகக் காட்டும். 134 இருக்கிற ஆள் 142 ஆகிவிடுவார்.

கட்டுப்படுத்த மிகக் கடினமானது பேச்சு. "ஆயா, மிஷின் நிக்கிற வரைக்கும் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு, தன்னார்வலரே "மருமக எங்க?" என்று கேட்பார். பேசினாலே பிரஷர் ஏறும். பட்டை ஊதும்போது இருவரும் வாயைத் திறக்கக் கூடாது. ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டுப் பட்டை கட்டுவதும் தப்பு. சுருட்டிய துணி கயிறு மாதிரி இறுக்கும். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே, வெறும் தோலில் கட்ட வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து, இரண்டையும் எழுத வேண்டும்.

பட்டையின் அளவும் முக்கியம். மிஷினோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுக்கானது. வலை இழுக்கும் கைக்கும் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கைக்கும் அது போதாது. சின்னப் பட்டையைப் பெரிய கையில் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். தையல் டேப்பில் 32-ஆம் எண்ணில் சிவப்பு நூல் தைத்துக் கொடுத்தோம். நூலைத் தாண்டினால் பெரிய பட்டை. கருவிப் பை வாங்கும்போதே பெரிய பட்டைக்கும் சேர்த்து இண்டென்ட் (தேவைப் பட்டியல்) போடுங்கள், பிறகு கேட்டால் கிடைப்பதற்குள் மாதக்கணக்காகும். இன்னொன்று: நாடி தாறுமாறாக அடிப்பவருக்கு டிஜிட்டல் மிஷினை நம்பக் கூடாது. அவரை சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, கையால் பார்க்கும் மிஷினில் பார்க்க வேண்டும்.

சுகருக்கு சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்து, மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துவது. பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் எடுத்தால் எண் ஏறும். ஸ்பிரிட் காயாமல் எடுத்தால் அளவு கெடும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் திசு நீர் கலந்து எண் குறையும். மீன் விற்கும் பெண்களின் கை ஐஸில் மரத்துப்போயிருக்கும். வெதுவெதுப்பான நீரில் கழுவி, கையை ஒரு நிமிடம் தொங்கவிட்டால் ரத்தம் தானாக வரும். ரத்தச் சொட்டை வைக்கும் ஸ்ட்ரிப்பை எடுத்ததும் அதன் டப்பாவை மூட வேண்டும், திறந்த தேதியை மேலே எழுத வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் வண்டியில் தொங்கவிட்ட பைக்குள் ஸ்ட்ரிப்பு வீணாகிவிடும். பையைத் தோளில், நிழல் பக்கம் போட்டுக்கொள்வது நல்லது.

சாப்பிட்ட நேரம் பாராமல் எடுத்த சுகர் 140-க்கு மேல் என்றால் உறுதிசெய்ய நிலையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு. 70-க்குக் கீழே, ஆனால் நினைவோடு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. குத்திய ஊசி, துளைபடாத வெள்ளை டப்பாவில். ரத்தப் பஞ்சு மஞ்சள் பையில். ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது. விரலில் குத்துப்படுவது அப்போதுதான்.

யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்பதைப் பயிற்சிப் புத்தகம் சொல்லாது. காசிமேட்டில் காலை பத்து மணிக்குப் போனால் பெண்களும் வயதானவர்களும்தான் கிடைப்பார்கள். ஆண்கள் கடலில், அல்லது கரை வந்து தூக்கத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் அப்போது கரையில் இருப்பார்கள், அவர்களைப் பார்க்க அதுதான் சமயம். பயிற்சியை மார்ச்சுக்குள் முடிக்காமல் விட்டால் அந்த வருடத்து ஆண்களை விட்டுவிட்டதாக அர்த்தம். மணலி, எண்ணூர் பக்கம் ஷிப்ட் ஆட்கள். ஞாயிறு மாலை போங்கள். பட்டியலில் வீட்டுக் கதவின் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதாவிட்டால் அடுத்த மாதம் போகும் ஆள் தெருவில் நின்று தவிப்பார்.

மேற்பார்வைக்கு ஒரு எளிய சோதனை உண்டு. டிஜிட்டல் மிஷினில் கடைசி எண் 0 முதல் 9 வரை கலந்து வரும். ஒருவர் நோட்டில் 120/80, 130/80, 110/70 என்று பூஜ்யமாகவே இருந்தால், பட்டை கட்டவே இல்லை. திட்டுவதற்கு முன் காரணம் கேளுங்கள். பல தடவை பேட்டரி தீர்ந்திருக்கும், மாற்றக் கைக்காசு போட வேண்டியிருக்கும், சொல்லத் தயங்கியிருப்பார்கள். பையில் உபரி பேட்டரி வைத்த பிறகு இது வெகுவாகக் குறைந்தது.

மருந்துக் கணக்கில்தான் நிறையப் பேர் இடறுகிறார்கள். தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் 1994-இல் வந்ததிலிருந்து அரசு மருந்து பெரும்பாலும் அதன் கிடங்கு வழியாகவே வருகிறது. போன காலாண்டுச் செலவை வைத்து இண்டென்ட் போடுவது வழக்கம். ஆனால் வீடு வீடாகப் பார்க்க ஆரம்பித்ததும் புதுப் பெயர்கள் சேர்ந்துகொண்டே போகும், பழைய கணக்கு உதைக்கும். 600 பேருக்கு பிரஷர் மாத்திரை அம்லோடிபின் 5 மி.கி. தினம் ஒன்று என்றால் மாதம் 18,000 மாத்திரை. 400 பேருக்கு சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் 500 மி.கி. இருவேளை என்றால் 24,000. வரப்போகும் புதியவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டு முன்னதாக எழுதுங்கள். "மாத்திரை இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்று ஒருமுறை திருப்பி அனுப்பினால், தினக்கூலி விட்டு வந்தவர் மறுபடி வரமாட்டார்.

மாத்திரை கொடுக்கும்போது "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "எத்தனை மிச்சம் இருக்கு, காட்டுங்கக்கா" என்று கேட்கப் பழக்கினோம். அம்லோடிபினில் சிலருக்குக் கால் வீங்கும், மெட்ஃபார்மினில் வயிறு கலக்கும். இரண்டுக்கும் அவர்களாகவே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தியது தெரிந்தால் டாக்டரிடம் சொல்வதோடு தன்னார்வலர் வேலை முடிந்தது. அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

140/90-க்கு மேல் என்றால் சீட்டு. 180/110-ஐ எட்டினால் அன்றைக்கே டாக்டர். அதோடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் இழுப்பு என எது இருந்தாலும் சீட்டு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, நேராக ஸ்டான்லி அரசு மருத்துவமனை.