சோளகம் ஓய்ந்த பிறகு

ஒவ்வோர் ஆண்டும் புரட்டாதி முடியும் தறுவாயில் எங்கள் யாழ்ப்பாணத்து வளவில் ஒரு நாள் சத்தம் அடங்கிவிடும். வைகாசியிலிருந்து இரவும் பகலும் சோளகக் காற்றில் சலசலத்துக்கொண்டிருந்த பனையோலைகள் அசைவற்றுத் தொங்கும். கிணற்றடியில் பேசுவது அடுத்த வளவுக்குக் கேட்கும். அப்பு அதைத்தான் முதலில் கவனிப்பார். "சோளகம் விட்டிட்டுது மோனை, இனி வாடையைத்தான் பார்க்கவேணும்" என்று சொல்லிவிட்டு, வெள்ளவாய்க்காலில் சேர்ந்த சருகை வழிக்க மண்வெட்டியை எடுப்பார். அந்த அமைதிக்குப் பின்னால் எவ்வளவு பெரிய இடப்பெயர்ச்சி நடக்கிறது என்பது பிற்காலத்தில் புவியியல் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

வெயில் பெரும்பாலும் காற்றை நேரடியாகச் சூடாக்குவதில்லை. அது நிலத்தையும் கடலையும் சூடாக்க, அவற்றின் மேல் கிடக்கும் காற்று அடியிலிருந்து சூடேறி மேலே எழுகிறது. பூமத்திய கோட்டை அண்டிய பகுதியில் இவ்வாறு எழும் காற்று, ஏறக்குறைய 16, 17 கிலோமீற்றர் உயரத்தில் இரு பக்கமும் விரிந்து சென்று, 30 பாகை அகலக்கோட்டை அண்டி இறங்கி, தரையோடு திரும்பி வருகிறது. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் திரும்பும் காற்றுகள் சந்திக்கும் பட்டையை ஒருங்கல் வலயம் என்பார்கள். அது ஓரிடத்தில் நிற்பதில்லை. சூரியனைத் தொடர்ந்து ஆடி மாதமளவில் வட இந்தியச் சமவெளி வரை ஏறி, ஐப்பசியில் எங்களைக் கடந்து தெற்கே இறங்குகிறது. அது வடக்கே இருக்கும்போது தென்கோளத்துக் காற்று பூமத்திய கோட்டைத் தாண்டி வந்து, பூமியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பித் தென்மேற்கிலிருந்து வீசுகிறது, அதுவே சோளகம். அது தெற்கே போனதும் வடகிழக்கிலிருந்து வாடை வருகிறது. இரண்டுக்கும் நடுவே எந்தக் காற்றும் வலுவாக வீசாத சில கிழமைகளில்தான் எங்கள் பனையோலைகள் ஓய்கின்றன. தரைச் சூட்டால் காற்று மேலெழுந்து பின்னேரங்களில் இடியோடு கொட்டும் மேற்காவுகை மழையும் அந்தக் கிழமைகளுக்கு உரியதே.

சிறு வயதில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கடலைத் தாண்டி நான்கைந்து மாதம் வீசும் சோளகத்தில் ஈரம் இல்லாமல் இருக்குமா? பிறகு ஏன் அந்த மாதங்களில் எங்கள் கிணறு வற்றுகிறது? ஈரம் தாராளமாக இருக்கிறது என்பதுதான் விடை. ஆனால் ஈரக்காற்று மழையாக வேண்டுமானால் அது மேலே ஏறிக் குளிர வேண்டும். ஒரு கிலோமீற்றர் உயர ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் வெப்பம் குறைகிறது. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி ஏறும் அதே காற்று வட்டவளைப் பக்கத்தில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்யக் காரணமாகிறது. குடாநாட்டிலோ காற்றை ஏற்றிவிட ஒரு குன்றும் இல்லை. கீரிமலையும் பெயரளவில்தான் மலை. எனவே சோளகம் எங்கள் தலைக்கு மேலால் தன் ஈரத்தைச் சுமந்துகொண்டே போய்விடுகிறது.

வாடைக்காலத்திலும் மலை முளைத்துவிடுவதில்லை. அப்போது காற்றை ஏற்றிவிடுவது வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்கள். சூடான கடலிலிருந்து எழும் நீராவி மேலே ஒடுங்கி நீராகும்போது, ஆவியாகும் வேளையில் எடுத்துக்கொண்ட வெப்பத்தைத் திரும்ப விடுகிறது. அந்த வெப்பம் சுற்றியுள்ள காற்றை இன்னும் உயர்த்த, கீழே அமுக்கம் இன்னும் குறைய, மேலும் ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றரை ஒட்டிய எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை இந்த வழியால்தான் வந்து சேர்கிறது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத எங்களுக்கு, சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும் அந்த மழைநீரே ஆண்டு முழுவதற்குமான நன்னீர். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனால்தான். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் வரை உவரைத் தள்ளி வைக்கும் என்பது நீரியல் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி இழக்கிறோம்.

வளிமண்டலம் மழையை மட்டும் தருவதில்லை. மேகம் மூடிய ஐப்பசி இரவில் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தால் புழுக்கத்தில் முதுகு ஒட்டும். வானம் வெளுத்த தை மாத விடியலில், புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் கட்டப் போகும் அப்புவின் சாரம் முழங்கால் வரை பனியில் நனைந்திருக்கும். இலையைச் சரித்தால் நரம்பு வழியே துளி ஓடி நுனியில் திரண்டு நிற்கும். வித்தியாசம், தரை இரவில் வெளிவிடும் வெப்பத்தைத் தடுக்க மேலே மேகமும் நீராவியும் எவ்வளவு இருக்கின்றன என்பதே. காற்றில் 78 சதவீதமான நைதரசனும் 21 சதவீதமான ஒட்சிசனும் அந்த வெப்பத்தை மறிப்பதில்லை. முக்கியமாக நீராவியும் மிகச் சிறிதளவே உள்ள காபனீரொட்சைட்டும் மறிக்கின்றன. இந்தப் போர்வை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை 15 பாகைக்குப் பதிலாக உறைநிலைக்குக் கீழே 18 பாகையில் இருந்திருக்கும். கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இப்போது 420 பங்கைத் தாண்டிவிட்டது.

2008 நவம்பரில் 'நிஷா' வந்தபோது எங்கள் கிணற்றுக்கட்டு எது, முற்றம் எது என்று தெரியாமல் வெள்ளம் நின்றது. ஒரு வெள்ளத்தைக் கண்டதும் காலநிலை மாறிவிட்டது என்பதும், ஒரு மார்கழிக் குளிரைக் கண்டதும் அதெல்லாம் பொய் என்பதும் இரண்டுமே தவறு என்பது என் உறுதியான எண்ணம். வானிலை அன்றன்றைய நிலை. காலநிலையை அறிய முப்பது ஆண்டுக் கணக்கைப் பார்ப்பது வழக்கம். ஆனால் ஒரு பாகை சூடேறிய காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும் என்பது மாறாத பௌதிகம்; ஆகவே பெய்யும்போது மழை முன்னைவிட மூர்க்கமாகப் பெய்வதற்கு இடமுண்டு. முப்பது நாளில் பெய்ய வேண்டியது மூன்று நாளில் பெய்தால் கல்லுக்குள் இறங்க அவகாசமின்றிப் பெரும்பகுதி வெள்ளவாய்க்கால் வழியே கடலுக்குப் போகும். அந்த ஆண்டின் மழைக்கணக்கு நிறைவாகத் தெரிந்தாலும் சித்திரையில் கிணற்றுக் கயிறு எட்டாது.

அதனால்தான் அப்பு இல்லாத இந்த வளவில், ஞாயிறுதோறும் காலையில் கிணற்றுக்கட்டிலிருந்து நீர்மட்டம் வரை கயிறு விட்டு அளந்து ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். போன ஞாயிறு பதினேழு அடி. பனையோலை நேற்று மாலையிலிருந்து அசையவில்லை. வாய்க்காலில் சருகு கிடக்கிறது, இன்று பின்னேரம் வழிக்க வேண்டும்.