காபி இல்லாத ஒரு நாள்

அப்பாவுக்கு நேற்று ஹார்ட் எம்.ஆர்.ஐ. 24 மணி நேரம் முன்னாடியே காபி, டீ, சாக்லேட் எல்லாவற்றுக்கும் தடை. அவருக்கு ஸ்கேனை விட அதுதான் தண்டனை. "ஒரு வாய் காபியில என்னடா ஆயிடும்?"

ஆகும். இதய ரத்தக்குழாய்களை விரிய வைக்க அடினோசின் என்ற மருந்தை ஏற்றுவார்கள். காபியில் இருக்கும் கஃபீன் அதை வேலை செய்ய விடாது. நல்ல குழாய் விரிந்து கூடுதல் ரத்தம் விடும். அடைப்புள்ள குழாயால் அவ்வளவு முடியாது. அந்த நேரம் பார்த்து காடோலினியம் மருந்தைச் செலுத்திப் படம் எடுக்கிறார்கள். ரத்தம் பாயும் தசை வெளுத்துத் தெரியும், பாயாத இடம் கருப்பாக நிற்கும். சி.டி. போல இதில் எக்ஸ்ரே கிடையாது. சத்தம்தான் காதைப் பிளக்கும்.

அடினோசின் ஏறும்போது அப்பாவுக்கு நெஞ்சை அமுக்கியதாம், மூச்சும் வாங்கியதாம். நிறுத்தியதும் சரியாகிவிட்டது. அடினோசின் ரத்தத்தில் சில நொடிகள்தான் தங்கும்.

டாக்டர் திரையில் காட்டினார். இதயத்தைக் குறுக்காக வெட்டிப் பார்த்தது போல, உளுந்து வடை மாதிரி ஒரு வட்டம், ஓட்டையை ஒட்டிக் கீழ்ப்பக்கம் பிறை போல ஒரு கருப்பு. அடுத்த வாரம் ஆஞ்சியோ.

அப்பா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கேன்டீன் எந்தப் பக்கம்?" என்றார்.